சேச்சே, நாட் பவுண்ட்!

வேலைக்கு வந்து உட்கார்ந்ததும் மதாம் செய்கிற முதல் காரியம், இடது காதுத் தோட்டைக் கழற்றுவது. ஹெட்போன் அந்தக் காதில்தான் உட்கார வேண்டும். கழற்றிய தோட்டை இழுப்பறையில் போட மாட்டார். புடவைத் தோள்பட்டையில் குத்தி, பின்னால் திருகாணியைத் திருகிக்கொள்வார். மாலை ஐந்தரைக்கு அது மறுபடியும் காதுக்குப் போகும். நடுவில் இருக்கும் நேரமெல்லாம் ஒற்றைத் தோட்டோடு அவர் பேசாத ஊர் கிடையாது.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் அது சம்பளப் பட்டியலோடு சரி. புதுச்சேரித் தொழிற்பேட்டையில் வால்வு செய்கிற எங்கள் கம்பெனியில் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் மதாம்தான். நானும் இங்கே பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், "யாரு தம்பி அது?" என்று அவரே கேட்பார்.

வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா. அவர் பென்ஷனும் சீட்டாட்டமுமாக வீட்டில் இருக்க, மதாம் மிஷன் வீதிப் பக்கமிருந்து டவுன் பஸ் பிடித்து வேலைக்கு வருவார். எங்கள் கம்பெனியின் டெலிபோன் ஆபரேட்டர் அவர்தான். போர்டு முழுக்க ஓட்டைகள், கை நிறைய ஒயர்கள். இந்த ஒயரை அந்த ஓட்டையில் சொருகினால் மேனேஜர் விழுப்புரத்தோடு பேசுவார், மாற்றிச் சொருகினால் கேன்டீனோடு பேசுவார். மாற்றிச் சொருகி நான் பார்த்ததில்லை.

வெளியூருக்குப் போடும் டிரங்க் காலில் பி.பி. என்று ஒரு வகை இருந்தது இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் பேச்சு. ஆள் இல்லை என்று எதிர்முனை சொல்லிவிட்டால் கால் முடிந்தது. மற்ற ஆபரேட்டர்கள் "ஆள் இல்லையாம் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஒயரைப் பிடிப்பார்கள். மதாமிடம் அது நடக்காது.

"இல்லையா? இல்லாம எங்க போனாரு? பூமியிலதான இருக்காரு?" என்பார் எதிர்முனையிடம். பிறகு விசாரணை ஆரம்பமாகும். கடைக்கு எதிரில் யார் வீட்டில் போன் இருக்கிறது? இன்றைக்கு என்ன கிழமை? வெள்ளிக்கிழமை என்றால் கோயிலுக்குப் போயிருப்பாரா, முடிவெட்டப் போயிருக்க மாட்டாரே? இப்படிக் கேட்டுக் கேட்டு ஒருமுறை விழுப்புரத்து டீலர் ஒருவரை அவருடைய சம்பந்தி வீட்டுப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டார். மனிதர் சாம்பார் கையோடு வந்து ஆர்டர் கொடுத்தார்.

"எங்க மதாம் புடிச்சீங்க?" என்று மேனேஜர் ஆச்சரியப்பட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான். சார் என்பதற்கு அவர் முசே என்பார்.

"லைன்ல புடிச்சேன், முசே."

ஃபிட்டர் ஒருவரின் மனைவிக்குப் பிரசவ வலி கண்ட அன்று அவர் லீவு போட்டுவிட்டு நோணாங்குப்பத்தில் படகு ஏறி நண்டு பிடிக்கப் போயிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனிக்குப் போன் வந்தது. மதாம் பாலத்துக்குப் பக்கத்திலிருந்த ஐஸ் டிப்போவைக் கூப்பிட்டார். டிப்போக்காரர் பாலத்தின் மேல் ஏறி நின்று பெயர் சொல்லிக் கத்தினார். பிள்ளை பிறப்பதற்கு முன்பே அப்பன் வந்து சேர்ந்துவிட்டான், சட்டையெல்லாம் நண்டு நாற்றத்தோடு.

இதில் ஒரு பொல்லாத பக்கமும் இருந்தது. அவரிடமிருந்து யாரும் ஒளிய முடியாது. டர்னர் ஒருவர் காய்ச்சல் என்று எழுதி அனுப்பிவிட்டு மேட்னி ஷோவுக்குப் போயிருந்தார். டூல் ரூம் சாவி அவர் பையில். மதாம் தியேட்டருக்கே போன் போட்டுவிட்டார். நாயகனும் நாயகியும் மரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது திரையில் ஸ்லைடு விழுந்தது, இன்னார் உடனே கம்பெனிக்கு வரவும் என்று. வந்தவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு மெமோ கொடுத்தார்கள். மதாம் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அந்த டர்னர் வீட்டுக்கு ஒரு பெட்டி பிஸ்கோத்தோடு போய் வந்தார். அதற்குப் பிறகுதான், ஆளை எங்கே பிடித்தார் என்பதை யாரிடமும் சொல்லாமல், லைனில் பிடித்தேன் என்று சொல்லும் வழக்கம் வந்ததாம்.

பெருமை ஒன்று உண்டு அவருக்கு, அது காதைப் பற்றியது. லைனில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் அவருக்குக் கேட்கும். எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது மற்ற ஊர் ஆபரேட்டர்கள் எம் ஃபார் மெட்ராஸ், பி ஃபார் பாம்பே என்று ஊர் பெயரெல்லாம் சொல்வார்கள். மதாமுக்கு அது பிடிக்காது.

"ஊர்ப் பேரு சொல்ல எனக்கென்னா காது செவுடா? எழுத்தச் சொல்லு, போதும்" என்று அதட்டுவார்.

அந்த எழுத்துகளை அவர் உச்சரிப்பது தனி அழகு. படித்ததெல்லாம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போன பிறகுதான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டார். இங்கிலீஷ் நன்றாகவே பேசுவார். ஆனால் தனித்தனி எழுத்து என்று வந்தால் வாய் பழைய பள்ளிக்கூடத்துக்கே ஓடிவிடும். ஏ, பி, சி என்று நாம் சொல்வதை அவர் ஆ, பே, சே என்பார். J என்ற இனிஷியல் கொண்ட எங்கள் அக்கவுண்டன்ட்டுக்கு அவர் அனுப்பும் சீட்டுகளில் எல்லாம் G என்றுதான் இருக்கும். அக்கவுண்டன்ட், தன்னைக் கேலி செய்வதாக நினைத்து மதாமிடம் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாங்களும் கையெழுத்துக் கோளாறு என்று விட்டுவிட்டோம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் தவளக்குப்பத்துக்காரன். நகரத்திலிருந்த ஒரு நெசவாலையில் கிளார்க்காக இருந்தேன். நிரந்தர வேலை. மெட்ராஸில் ஆறு மாதம் சனி ஞாயிறுகளில் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, அந்த வேலையை உதறிவிட்டு இந்த வால்வு கம்பெனியில் புரோகிராமர் என்ற பெயரில் சேர்ந்தேன். என் மாமனார் அதே ஆலையில் தறி ஓட்டியவர். "கைல இருந்த கவுர்மென்ட்டு மாதிரி வேலய வுட்டுட்டு, டிவிப் பொட்டிய நம்பிப் போறாரு மாப்ள" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குப் பயிற்சிக் காலம் ஆறு மாதம். கம்பெனி வாங்கவிருந்த கம்ப்யூட்டர் மெஷினுக்கு மூன்று மாதம். மூன்று மாதத்துக்குள் திருப்தியில்லை என்றால் விற்றவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒப்பந்தம். மெஷின் போனால் நானும் போக வேண்டியதுதான்.

மெஷின் வந்து இறங்கியது. யூனிக்ஸ் என்ற சிஸ்டத்தில் ஓடுவது. ஒரு பெட்டியோடு மூன்று டெர்மினல்கள். ஆர்டர்களை எல்லாம் வரிசைப்படுத்தி, எந்த வால்வை எந்த வாரம் செய்வது என்று சொல்லும் புரோகிராமை நான் அதில் எழுத வேண்டும். மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர் பொருத்தி, திரையில் ஒரு காலண்டரை வரவழைத்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். கேன்டீனில் கேசரி போட்டார்கள். அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் நான் நாலு வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி, அதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலரைக் கூப்பிட்டேன். அதற்கு cc என்று அடிக்க வேண்டும். அடித்தேன். பதில் வந்தது: cc: not found.

பெரிய எழுத்தில் அடித்தேன். மெதுவாக அடித்தேன். மெஷினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து அடித்தேன். நாட் பவுண்ட்.

மெட்ராஸுக்குப் போன் போடச் சொல்லி மதாமிடம் போனேன்.

"என்னா தம்பி மூஞ்சி இப்டி இருக்குது?"

"மெஷின்ல ஒரு சாமான் இல்ல மதாம். சி.சி.ன்னு ஒண்ணு."

"என்னா?"

காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாசித்தார். "சே... சே..." என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னொரு வாட்டி சொல்லு. சேச்சேவா?"

"ஆமா மதாம்."

"சேச்சே! பேரே சகுனமா இல்லயே!" என்று சிரித்து ஓய்வதற்கு ஒரு நிமிடம் ஆனது. அப்புறம் கேட்டார். "அது என்னா பண்ணும்?"

"நான் எழுதறது மெஷினுக்குப் புரியாது. மெஷின் பேசறது எனக்குத் தெரியாது. நடுவுல நின்னு மாத்திச் சொல்றதுதான் அது."

"துபாஷின்னு சொல்லு!"

புதுச்சேரிக்காரருக்கு இதைவிட எளிதாக யாரும் விளக்க முடியாது. துரைக்கும் ஊருக்கும் நடுவே நின்று பேசின ஆள்தானே துபாஷி. அன்றிலிருந்து எங்களுக்குள் கம்பைலருக்குத் துபாஷி என்றே பெயர்.

"துபாஷி இல்லன்னு யாரு சொன்னது?"

"மெஷின்தான். தேடிப் பாத்துட்டு நாட் பவுண்டுன்னு சொல்லுது."

மதாம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய தொழிலையே யாரோ கேவலப்படுத்திவிட்ட மாதிரி இருந்தது முகம். "எங்க எங்க தேடுச்சாம்?"

அது நியாயமான கேள்வி. அந்த மெஷின் சொல்லிவைத்த நாலைந்து இடங்களில் மட்டும்தான் தேடும், வேறெங்கும் போகாது. நான் படித்த பாடம்தான், பதற்றத்தில் மறந்துபோயிருந்தது. ஓடிப்போய் மூலை முடுக்கெல்லாம் தேடச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். முக்கால் மணி நேரம் கடகடவென்று தேடியது. எங்கேயும் இல்லை. ஆனாலும் ஆறு மாதப் படிப்பில் என் வாத்தியார்கள் கேட்காத கேள்வியை டெலிபோன் மதாம் கேட்டுவிட்டார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மெஷினை விற்ற மெட்ராஸ்காரர்கள் சொன்னார்கள், கம்பைலர் தனிச் சாமான், தனியாக லாரியில் அனுப்பியாகிவிட்டது, ரசீது இருக்கிறது, வந்து சேராவிட்டால் நீங்கள்தான் லாரி ஆபீஸில் விசாரிக்க வேண்டும் என்று. இன்னொரு செட் வேண்டுமென்றால் இரண்டு மாதமாகும். சரி, பம்பாயிலிருந்த எங்கள் தலைமை ஆபீஸ் ஏதாவது செய்யட்டும் என்று, ஒரு cc உடனே தேவை எனக் கடிதம் எழுதிப் போட்டேன். பத்து நாளில் பதில் வந்தது. உறையைப் பிரித்தால் என் கடிதத்தின் கார்பன் காப்பி ஒன்று, "கேட்டபடி இணைக்கப்பட்டுள்ளது" என்ற குறிப்போடு. ஆபீஸ் பாஷையில் cc என்றால் கார்பன் காப்பிதானே.

மேனேஜர் தினமும் காலையில் எட்டிப் பார்த்து, "ஓடுதாப்பா?" என்பார். "ஓடுது சார்" என்பேன். பொய் என்று சொல்ல முடியாது, காலண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஷிஃப்ட் முடிந்தவர்கள் வரிசையாக வந்து தங்கள் பிறந்த தேதியைச் சொல்வார்கள். நான் அந்த வருடத்துக் காலண்டரைத் திரையில் கொண்டுவந்து கிழமை சொல்வேன். பல லட்சம் ரூபாய் மெஷின் ஒன்றரை மாதம் கிளி ஜோசியம் பார்த்தது. மதாமும் வந்து கேட்டார். புதன்கிழமை என்று வந்தது.

"பொன்னு கெடைச்சாலும் புதன் கெடைக்காதுன்னு சொல்வாங்க. எனக்குப் பொறக்கும்போதே கெடைச்சிடுச்சி. அப்ப எனக்குக் கெடைக்காதது என்னா இருக்குது?" என்றார். சொல்லிவிட்டுத் தோள்பட்டைத் தோட்டைச் சரிசெய்துகொண்டார். வேட்டைக்குக் கிளம்புகிறார் என்று அர்த்தம்.

பம்பாய் டைரக்டர் வருகிறார் என்று தந்தி வந்திருந்தது. பன்னிரண்டு நாளில், திங்கட்கிழமை. மெஷினைப் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்று அவர் சொல்வார். வீட்டில் என் மனைவியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மாமனார் மட்டும் சும்மா இல்லாமல், ஆலையில் என் பழைய நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று சேதி சொல்லி அனுப்பியிருந்தார்.

மதாம் முதலில் மெட்ராஸ் லாரி ஆபீஸைப் பிடித்தார். பார்சல் புதுச்சேரிக்குப் போகவில்லை என்றார்கள். "போகலன்னா எங்க போச்சி?" தெரியாதாம். அந்தத் தேதியில் சரக்குக்கு விலாசம் எழுதிய குமாஸ்தா யார்? அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எங்கே? தெரியாது. சொந்த ஊர்? கும்பகோணம் பக்கம். என்ன பண்ணுகிறார்? மச்சானோடு மாவு மில்லில் இருக்கிறாராம். கும்பகோணத்தில் போன் வைத்திருக்கிற மாவு மில்கள் எத்தனை இருக்கும்? நான்காவது மில்லில் ஆள் அகப்பட்டார்.

"ஏம்பா, நீதான எழுதுன மேவிலாசம்? நல்லா யோசிச்சிச் சொல்லு, அவசரமில்ல" என்றார் மதாம், அர்ஜென்ட் காலில். அப்புறம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் சிரிப்பு.

அந்தக் குமாஸ்தா தமிழ்ப் பற்று உள்ளவராம். எல்லோரும் பாண்டிச்சேரி என்று இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருக்க, அவர் மட்டும் அழகாகப் 'புதுவை' என்று எழுதியிருக்கிறார். ஏற்றினவர் அதைப் 'புதுகை' என்று படித்துவிட்டார். ஓர் எழுத்து, என் துபாஷி புதுக்கோட்டைக்குப் போய் இறங்கிவிட்டான்.

புதுக்கோட்டை லாரி ஆபீஸில், கேட்பாரில்லாமல் ஓட்டுக் கூரைக்கடியில் கிடந்தது பார்சல். லாரியில் வந்தால் ஒரு வாரம் ஆகும் என்று மதாம் அதைப் பஸ்ஸில் வரவழைத்தார். புதுக்கோட்டையில் ஒரு டிரைவர் கையில், திருச்சியில் இன்னொருவர் கையில், விழுப்புரத்தில் மூன்றாமவர் கையில். ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் ஒரு டீக்கடைக்குப் போன் போட்டு, பார்சல் மாறிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "மாப்ள அழைப்புகூட இப்டி நடந்ததில்ல தம்பி" என்றார். வெள்ளிக்கிழமை மாலை நானும் அவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் துபாஷியை வரவேற்றோம். மாலை ஒன்றுதான் போடவில்லை.

சனிக்கிழமை காலையில் பிரித்தேன். பதினோரு பிளாப்பிகள், நன்றாகவே இருந்தன. ஒவ்வொன்றாகப் போடப் போட மெஷின் அடுத்ததைக் கேட்டது. பதினொன்றும் முடிந்தபோது மணி பன்னிரண்டு. கடைசியாக ஒரு கேள்வி: திறப்பதற்கான ரகசிய எழுத்து எட்டு என்ன? அதைத் தட்டினால்தான் கம்பைலர் உயிர் பெறும். அந்த எட்டெழுத்து, பெட்டியோடு வந்த அட்டையில் இருக்க வேண்டும். இருந்தது. புதுக்கோட்டை ஓட்டிலிருந்து ஒழுகிய மழைத் தண்ணீர் அதைக் கழுவி நீல மேகமாக்கி வைத்திருந்தது.

மெட்ராஸ்காரர்கள் சனிக்கிழமை ஒரு மணிக்குப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மதாம் லைட்னிங் கால் போட்டார். அதுதான் இருப்பதிலேயே வேகமான கால். அதற்கும் அரை மணி ஆனது. லைனில் கடலை வறுக்கிற சத்தம். மதாம் இடது காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் சொல்லச் சொல்ல எட்டெழுத்தை எழுதினார். அவர்கள் ஊர்ப் பெயர் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்ததற்கு, "எழுத்தச் சொல்லுங்க, போதும்" என்றார். எழுதினதைத் திரும்பப் படித்துக் காட்டினார். சரி என்றார்கள். வைத்துவிட்டார்கள்.

சீட்டை வாங்கிக்கொண்டு ஓடினேன். பார்த்துப் பார்த்து அடித்தேன். தவறு என்றது மெஷின். மறுபடி அடித்தேன். தவறு. எட்டு முறை அடித்தேன். மதாம் மெட்ராஸை மறுபடியும் பிடிக்கப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. இன்ஜினியரின் வீட்டிலோ அவர் தெருவிலோ போன் கிடையாது. திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் அந்த ஆபீஸ் திறக்கும். டைரக்டர் எங்கள் வாசலில் வந்து இறங்குவதும் திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான்.

அப்போது நான் பேசியது இன்னும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

"ஊர்ப் பேரு சேத்துச் சொன்னா கேட்டுக்க வேண்டியதுதானே மதாம்? வயசாகிடுச்சி, காது கேக்கலன்னா கேக்கலன்னு ஒத்துக்கணும். உங்க காதை நம்பி என் பொழப்புப் போச்சு."

மதாம் ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தோளிலிருந்த தோட்டை எடுத்துக் காதில் போட்டுக்கொண்டார், மாலை ஐந்தரை ஆகாமலே. திருகாணி கை தவறிக் கீழே விழுந்தது. எதையும் தேடிக் கண்டுபிடிக்கிறவர், அதைத் தேடக் குனியவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"என் காது தப்பா கேக்காது, தம்பி" என்றார். "அவன் சொன்னது இப்பக்கூட அப்டியே இருக்குது காதுல. குடு அந்தச் சீட்ட." என் கையிலிருந்து பிடுங்கி உரக்கப் படித்தார். "ஜே. எம். ஈ. ஜி. எல். என். ஈ. எஸ். இத்தச் சொன்னான், இத்தத்தான் எழுதுனேன்!"

நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு முறை அடித்ததில் அந்த எழுத்துகள் எனக்கு மனப்பாடம். G, M, I, J, L, N, I, S. முதல் எழுத்து ஜி. அவர் ஜே என்று படிக்கிறார்.

"மதாம், இன்னொரு வாட்டி படிங்க."

"ஏன், உனக்குக் காது கேக்கலயா?" என்றார். ஆனாலும் படித்தார். "ஜே. எம். ஈ. ஜி..."

ஜே என்று படிக்கும்போது அவர் விரல் G மேல் இருந்தது. ஈ என்று படிக்கும்போது I மேல். ஜி என்று படிக்கும்போது J மேல். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் G-க்கு ஜே என்று பெயர், J-க்கு ஜி என்று பெயர், I-க்கு ஈ என்று பெயர். மெட்ராஸ்காரர் இங்கிலீஷில் ஜே என்றார். காது ஒழுங்காக ஜே என்றே கேட்டது. கை அதைப் பிரெஞ்சில் எழுதிவிட்டது. திரும்பப் படித்தபோது வாயும் பிரெஞ்சில் படித்தது, கேட்டவருக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. அந்த அக்கவுண்டன்ட் ஏன் ஒரு வருடம் G ஆக இருந்தார் என்பதும் அதே நொடியில் எனக்கு விளங்கியது.

அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மெஷினிடம் ஓடினேன். "நான் சீட்டப் பாக்க மாட்டேன். நீங்க படிங்க, காதுல கேக்கறத அடிக்கறேன்."

அவர் படித்தார். நான் கேட்டதை அடித்தேன். மெஷின் ஒரு கணம் யோசித்தது. ஏற்றுக்கொண்டது.

என் நாலு வரிப் புரோகிராமுக்கு முன்னால் cc போட்டு அடித்தேன். கொஞ்ச நேரம் கர்கர் என்று சத்தம். பிறகு திரையில் ஒரு சொல்கூட வராமல், அடுத்த கட்டளைக்குக் காத்து நின்றது.

"என்னா, ஒண்ணுமே சொல்லல?" என்றார் மதாம், ஏமாற்றத்தோடு.

"ஒண்ணும் சொல்லலன்னா எல்லாம் சரின்னு அர்த்தம் மதாம். குத்தம் இருந்தாதான் இது வாயத் தெறக்கும்."

"எங்க மாமியா அப்டியே!" என்றவர், சிரிப்பு தாங்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "வொலா! வந்துட்டான்யா துபாஷி!"

அன்று எப்படி ஊர் போய்ச் சேர்ந்தேன் என்றே தெரியாது. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து வேலை செய்தேன். திங்கள் டைரக்டர் வந்தார். என் சின்ன ஆர்டர் பட்டியல் கிழமைவாரியாகத் திரையில் வரிசையாக நின்றதைக் கால் மணி நேரம் பார்த்தார். இருக்கட்டும் என்றார். மெஷின் இருந்தது, நானும் இருந்தேன். ஆலையில் காலியாக இருந்த நாற்காலியை யாரோ நிரப்பிவிட்டதாக மாமனாரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

சந்தோஷத்தில் ஒன்று விட்டுப்போனது. சனிக்கிழமை நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. திங்கட்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று அவர் அறைக்குப் போனேன். மதாம் ஒற்றைத் தோட்டோடு போர்டு முன்னால் உட்கார்ந்து யாருக்கோ எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். "ஜி ஃபார் குண்டூர்... ஜே ஃபார் ஜெய்ப்பூர்... ஆமாம்பா, ஊர்ப் பேர் சொல்லியே எழுதிக்குங்க." அதைக் கேட்டதும் அப்படியே திரும்பிவிட்டேன். பிறகு நாள் தள்ளித் தள்ளி, கேட்கவே கூச்சமாகிவிட்டது. எங்கள் சிரிப்பும் கேலியும் குறையவில்லை. துபாஷி சௌக்கியமா என்று தினமும் விசாரிப்பார். அந்தப் பேச்சு மட்டும் எங்களுக்குள் எழுந்ததே இல்லை.

மூன்று வருடம் கழித்து எனக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். அங்கேயும் இரண்டு வீடு மாறினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருமுனை மளிகைக் கடைக்காரர் மூச்சிரைக்க வந்தார், உங்களுக்குப் பாண்டிச்சேரியிலிருந்து பி.பி. கால் என்று. அந்தக் கடையில் போன் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"அலோ! தம்பியா? எம் பொண்ணுக்குக் கல்யாணம்பா. ஒனக்குப் பத்திரிக வச்சேன். இந்த விலாசத்துல இல்லன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டான் போஸ்ட்மேன். இல்லயாமே! எங்க எங்க தேடுனான்னு கேட்டுட்டு, நானே தேடுனேன்."

"எப்படி மதாம் புடிச்சீங்க?"

"லைன்ல புடிச்சேன்!"

கல்யாணத் தேதி சொன்னார். கோயில் சொன்னார். குடும்பத்தோடு வர வேண்டும் என்றார். மூன்று நிமிடம் ஆகப்போகிறது என்று எக்ஸ்சேஞ்சு பெண் குறுக்கே சொன்னாள். இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

"மதாம், அன்னிக்கு சனிக்கிழம உங்க காதப் பத்தி நான் பேசினது தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

லைன் தெளிவாக இருந்தது. அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் நகர்த்துவது கூட எனக்குக் கேட்டது.

"அலோ? அலோ? என்னா தம்பி சொன்ன? ஒண்ணும் கேக்கலயே!" என்றார். "கல்யாணத்துக்கு வந்துடு, வச்சிடறேன்."

அந்தக் காதுக்குக் கேட்காமல் போனது, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.